மைக்குத் தெரிந்த துளை

கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிவைப்பது ஆவுடையம்மாளின் வேலை. அன்று மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று துறைத்தலைவர் நடேசமூர்த்தி காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் அலைந்தார். அமிலத்தில் அலுமினியத் தகட்டை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகளோடு அதன்மேல் ஒரு மங்கலான படலம் வளரும். அதைத் தானே செய்து காட்டப்போன அவர், அவசரத்தில் வயர்களை மாற்றி மாட்டிவிட்டார்.

“சார், அலுமினியத்துக்கு பிளஸ் கொடுக்கணும்.”

“நீ குடுவையைக் கழுவு!”

அவர் நகர்ந்ததும் ஆவுடை, பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே, இன்னொரு தகட்டைச் சரியாக மாட்டினாள்.

குழு வந்தது. “பளபளன்னு இருக்கே, இது நான் செஞ்சது. அந்த மங்கல் இந்தம்மா கைவேலை,” என்று சிரித்தார் நடேசமூர்த்தி. “எங்கே, மைக்ரோஸ்கோப் இல்லாம இவங்களுக்குத் துளையைக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு லேப் பக்கம் வராதே!”

ஆவுடை குழுத் தலைவியிடம் திரும்பினாள். “அம்மா, உங்க மைப்பேனாவைத் தர்றீங்களா?”

இரண்டு தகட்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டாள். ஐந்து நிமிஷம் கழித்துக் குழாயடியில் தேய்த்தாள். பளபளத்த தகட்டில் மை சுத்தமாக ஓடிப்போனது. மங்கல் தகட்டில் நீலப் பொட்டு அசையவில்லை.

“துளை என் கண்ணுக்கும் தெரியலம்மா. ஆனா மை உள்ளே போய் உட்கார்ந்துக்கிச்சு. சார் தகட்டுல அதுக்கு இடமில்லை போல.”

நடேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். குழுத் தலைவி அவர் பக்கம் பார்க்கவேயில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு, “உங்க பேர் என்னம்மா? எத்தனை வோல்ட் வச்சீங்க?” என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.