கண்ணு வச்ச சிறை

உம் கொட்டிக்கிட்டே கேளுங்க கண்ணுகளா. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி செண்பகமாறன்னு ஒரு ராசா. யாரையும் நம்ப மாட்டான். அடுப்புல பால் வச்சாக்கூடத் தானே போய்க் காவலுக்கு நிப்பானாம். "பாலுக்கு நீங்க காவல், பூனைக்கு யாரு காவல்?"னு ராணி கேட்டாளாம். அந்தப் பூனை இருக்கே, அது பெரிய கதை... சரி, அது கிடக்கட்டும்.

அந்த ராசா ஒரு சிறை கட்டினான். அறைக்கு அறை சுவத்துல ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை ஒரு காவக்காரன். கைதி தூங்கினாலும் பாக்கணும், அழுதாலும் பாக்கணும், சாப்பிட்டாலும் பாக்கணும். காவக்காரன் வாயத் திறந்தா தலை போயிரும். "என்னய்யா, கிளிக்கா கூடு கட்டுறே?"னு கொத்தனார் பொஞ்சாதியே கேலி பண்ணாளாம். வாய்க்காரி அவ! சந்தையில வெண்டைக்காய்க்காரனை அழவச்சவ... எங்க விட்டேன்?

ஆங், மாடத்தி. அவதான் அந்தச் சிறைக்கு வந்தா. பயிர் காயுதேன்னு தன் தண்ணி முறை வர்றதுக்கு முன்னாடியே கண்மாய் மடையத் திறந்துட்டா. "திறந்தது நாந்தான், தப்புதான்"னு சபையில நிமிந்து சொன்னா. அறுப்பு வரைக்கும் சிறைன்னு தீர்ப்பு.

கஞ்சி வந்துச்சு. கலயத்தத் தூக்குனா, ஓட்டையில ஒரு கண்ணு. அவ ஊரு வழக்கம் என்னன்னா, பாத்துக்கிட்டு இருக்கிற ஆளக் கூப்பிடாமச் சாப்பிட மாட்டாங்க. நாய் பாத்தாக்கூட ஒரு உருண்டை உண்டு.

"யாருண்ணே? வாங்க, ஒரு வாய் குடிங்க."

பதில் இல்ல. கலயத்தக் கீழ வச்சுட்டா. மறுநாளும் கூப்பிட்டா, பதில் இல்ல, கீழ வச்சுட்டா. மூணாம் நாள் எந்திரிக்கவே முடியல, படுத்துக்கிட்டே கூப்பிட்டா. காவக்காரன் உலகனுக்குத் தாங்கல.

"ஆத்தா, கும்புட்டுக் கேக்கேன், குடிச்சிரு. நான் பேசுனது தெரிஞ்சா என் தலை போயிரும்."

"தலை போற ஆளு முன்னாடி எனக்குக் கஞ்சி எப்படிப்பா இறங்கும்?"

மாடத்தி மூணு நாளாக் கஞ்சி குடிக்கலன்னு சேதி கேட்டு ராசாவே வந்து ஓட்டையில கண்ண வச்சான்.

"இது புதுக் கண்ணா இருக்கே. வாங்க, சாப்பிடுங்க."

"நான் ராசா! குடி, இது உத்தரவு!"

மாடத்தி சிரிச்சா. "ராசாவா! நீங்க சாப்பிடும்போது எந்த ஓட்டை வழியாப் பாக்காங்க?"

ராசா சட்டுன்னு ஓட்டையில இருந்து கண்ண எடுத்தான்.

"பூட்டி வைங்க ராசா, அது தீர்ப்பு. அறுப்பு வரைக்கும் இருக்கேன். ஆனா நான் திங்கிறதையும் அழுறதையும் ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருக்கணும்னு எந்தத் தீர்ப்புல சொன்னீங்க?"

ராசாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. அந்தத் தீர்ப்ப அவன் சொல்லவே இல்லையே! களிமண்ணு கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே முதல் ஓட்டைய அடைச்சான், மத்ததையும் அடைக்கச் சொன்னான். உள்ள மாடத்தி கலயத்தத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சா.

மந்திரி விடுவாரா? மறு வாரம் ஒரு கைதி ஓடிப்போனதும் குதிச்சாரு. "பாத்தீங்களா ராசா!"

"பாத்தேன். கதவு பூட்டாமக் கிடந்துச்சு. அதுக்கு நல்ல பூட்டு வாங்கும்யா, கண்ணு வாங்காதீரு!"

அறுப்பு முடிஞ்சு மாடத்தி பெரிய வாசல் வழியாப் போனா. என்னமா நடந்தா தெரியுமா! காவக்காரங்க அத்தன பேரும் எந்திரிச்சு நின்னாங்க, உலகன் முதல் ஆளா.

தப்பு செஞ்சவங்களப் பூட்டி வைக்கலாம், ஆனா அல்லும் பகலும் பாத்துப் பாத்து அவங்க மானத்தப் பறிக்க எந்த ராசாவுக்கும் உரிமை இல்ல.