சில்வண்டு நிறுத்திய மாலை

புங்கங்குளத்தில் கோடை வந்தால் தண்ணீர் குறையும், வம்பு கூடும். தவளைகளெல்லாம் சேற்றில் படுத்துக்கொண்டு ஒன்றை ஒன்று குறை சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் அதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று. மைனா ஒன்று வந்து கோடை இசை முகாம் ஆரம்பித்துவிட்டது.

அந்த மைனா பட்டணத்தில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்து ஜன்னல் மேல் கூடு கட்டிக் குடியிருந்தது. உள்ளே நடந்த பாடத்தையெல்லாம் வெளியே இருந்தபடி கேட்டது. கேட்டதில் பாதிதான் புரிந்தது. ஆனால் முழுசையும் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டது. குளத்தில் எல்லோரும் அதை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள்.

முகாமில் சின்னச் சின்னக் குழுக்கள். குழுவுக்கு நாலு பேர். குஞ்சுகளும் சேரலாம், பெரியவர்களும் சேரலாம். நடுவில் நின்று கையை ஆட்டி நடத்துகிறவர் யாரும் கிடையாது. ஒருவர் பாடுவதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டு, முகத்தைப் பார்த்து, சேர்ந்து பாட வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வடிவு என்ற தவளை தன் மகள் அரும்பையும் கூட்டிக்கொண்டு முகாமில் சேர்ந்தது. அந்த வருஷம் வடிவு இட்ட முட்டைகளில் பாதி காய்ந்து போயின. மீதியை மீனும் கொக்கும் தின்றன. தப்பிப் பிழைத்தது அரும்பு ஒன்றுதான். வடிவுக்கு அது உயிர்.

வடிவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பிறந்ததிலிருந்து அது வாயைத் திறந்தாலே, "கத்தாதே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் பாடி, நல்லா இருக்கிறது என்ற பேச்சைக் கேட்டுவிட வேண்டும் என்று அது ஏங்கியது. பாவம், அந்த ஏக்கத்தில் தப்பு ஒன்றும் இல்லை.

அதிர்ஷ்டம் பாருங்கள், அம்மாவும் மகளும் இருந்த குழுவில் குயில் வந்து சேர்ந்தது. குயிலோடு சேர்ந்து பாடுவதென்றால் சும்மாவா? வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலாவது ஆள் சில்வண்டு. கரை மண்ணில் உட்கார்ந்துகொண்டு, விடாமல் ஒரே ஸ்வரத்தில் சுருதி பிடிப்பது அதன் வேலை. அதை யாரும் பாட்டு என்றே நினைக்கவில்லை.

ஆனால் சில்வண்டால் குளத்துக்கு வேறொரு உபகாரம் இருந்தது. யாராவது நடந்தாலோ ஊர்ந்தாலோ மண் லேசாக அதிரும். அந்த அதிர்வு சில்வண்டின் காலுக்குத் தெரியும். தெரிந்த உடனே அது சத்தத்தை நிறுத்திவிடும். நிறுத்தாமல் இருக்க அதனால் முடியாது, பிறவி அப்படி. அதனால் அந்தக் குளத்துத் தவளைகள் எல்லாமே தங்கள் பிள்ளைகளுக்கு வால் மறைந்த அன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும். சில்வண்டு நின்றால் தண்ணீரில் குதி, ஏன் எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். வடிவும் அரும்புக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

ஒரு நாள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது எருமை ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. சில்வண்டு சட்டென்று நின்றது. அரும்பு தொபுக்கென்று தண்ணீரில் குதித்தது. பாட்டு குலைந்துபோயிற்று. புங்க மரத்து அணில்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

குயிலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இப்படிப்பட்ட குழுவில் தன்னால் பாட முடியாது, வேறு குழுவுக்குப் போகிறேன் என்று கிளம்பியது. வடிவு பதறிப்போய் அதன் பின்னாலேயே தத்திக்கொண்டு ஓடியது. மைனா வாத்தியார் குறுக்கே வந்து சமாதானம் செய்தது.

"மேடையில ஒருத்தர் விட்டுட்டா மத்தவங்க சத்தத்தைக் கூட்டி மூடிடணும். கேக்கறவங்களுக்கு அது தெரியவே கூடாது. பட்டணத்துல அப்படித்தான்!" என்றது மைனா.

சில்வண்டுக்கு வருத்தமாக இருந்தது. "நான் ஒண்ணும் விடலையே வாத்தியாரே. எருமை வந்துச்சு. எது வந்தாலும் எனக்கு நிறுத்தத்தான் வரும்" என்றது.

வேலையைச் சரியாகச் செய்யாதவர்கள் சொல்லும் சாக்கு இது என்று மைனா அதன் வாயை அடைத்துவிட்டது. சில்வண்டு சொல்வதுதான் சரி என்று வடிவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் குயில் போய்விடுமே! அதனால் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வடிவு மகளைக் கூப்பிட்டுக் கண்டித்தது. இனிமேல் பாட்டின் நடுவில் குதிக்கக் கூடாது, அணில்கள் சிரித்ததில் மானமே போயிற்று என்றது. அரும்புக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நிஜமாவே பாம்பு வந்தா என்னம்மா பண்றது?"

"இத்தனை பேர் கூடியிருக்கிற இடத்துக்குப் பாம்பு எங்கடி வரும்? நீ பாட்டைப் பாரு" என்றது வடிவு.

அதன் பிறகு தினமும் அதே பயிற்சி. ஆடு வரும், நாய் வரும், சில்வண்டு நிற்கும். மற்ற மூன்று பேரும் சத்தத்தைக் கூட்டி அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். அரும்புக்கு முதலில் பின்னங்கால் துடித்துக்கொண்டே இருந்தது. போகப் போக அதுவும் அடங்கிவிட்டது. சில்வண்டு எப்போது நிற்கிறது என்று அணில்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மைனா பூரித்துப்போய் இதுதான் முகாமிலேயே தேர்ந்த குழு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

கச்சேரி நாள் வந்தது. வெயில் தாழ்ந்ததும் குளமே கரையில் கூடிவிட்டது. தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்ததால் மேடையாகப் போட்ட கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் காய்ந்த சேறு. பின்பக்கம் காய்ந்த கோரைப்புல். அந்தக் கல்லின் மேல் மூன்று பேரும், அதை ஒட்டிய மண்ணில் சில்வண்டும் உட்கார்ந்து பாடினார்கள். உள்ளதைச் சொல்கிறேன், பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது. ஒரு கிழ ஆமை கண்ணை மூடித் தலையை ஆட்டியது. வடிவு அதைப் பார்த்தது. அதன் மனசு குளிர்ந்துபோயிற்று.

அப்போது சில்வண்டு நின்றது.

அரும்புக்கு அது கேட்டது. பாட்டை நிறுத்தியது. பின்னங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு குதிக்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

வடிவுக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று யாரும் பூசி மெழுக வேண்டாம். நன்றாகவே கேட்டது. ஆனால் குயில் வடிவை முறைத்துக்கொண்டிருந்தது. ஆமை இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வடிவு மகளைப் பார்த்துக் கண்ணை உருட்டி, பாடு என்று ஜாடை காட்டியது. பிறகு தன் தொண்டையை உப்ப வைத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாகப் பாடியது.

அரும்பு அம்மா பேச்சைக் கேட்கிற பிள்ளை. மடக்கிய காலை நீட்டிக்கொண்டு பாடியது.

கோரைப்புல்லிலிருந்து சாரைப்பாம்பு வந்தது. வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு சத்தமாக இருந்தது பாட்டு. கல்லின் ஓரத்தில் அரும்புதான் உட்கார்ந்திருந்தது. ஒரே கவ்வில் அதைக் கவ்விக்கொண்டு பாம்பு புல்லுக்குள் போய்விட்டது.

பாட்டு பாதியில் அறுந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து அணில்கள் கை தட்டின.

மறுநாள் எல்லோரும் கூடினார்கள். மைனா வாத்தியார் கண் கலங்கிப் பேசியது. பாம்பு வந்தால் பாம்பு என்று சொல்ல வேண்டும், வெறுமனே நிறுத்தினால் யாருக்கு என்ன புரியும் என்று கேட்டது. சில்வண்டு இந்தக் குழுவுக்குத் தோதான ஆளே இல்லை என்று முதலிலிருந்தே தான் சொல்லி வந்ததாகக் குயில் சொன்னது. அது அப்படி எப்போதும் சொன்னதில்லை.

சில்வண்டு வடிவையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டமும் வடிவைத்தான் பார்த்தது. நிஜம் என்னவென்று, அரும்பு குதிக்கப் பார்த்தது வரை, அந்தக் குளத்தில் வடிவு ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும். அதைச் சொன்னால் தன் பிள்ளையைத் தானே பாம்புக்குக் கொடுத்ததாகிவிடும்.

"ஆமா. சில்வண்டு சரியாச் சொல்லல" என்றது வடிவு.

அன்றைக்கே சில்வண்டை முகாமிலிருந்து நீக்கினார்கள். அது குளத்தை விட்டே போய்விட்டது. வயல் தாண்டி எங்கேயோ இருப்பதாகப் பேச்சு. அடுத்த கோடைக்கு மைனா அந்த இடத்தில் ஒரு மரங்கொத்தியைச் சேர்த்துக்கொண்டது. அது எதற்கும் நிறுத்தாது. அந்தக் கோடையில் இன்னும் எத்தனையோ தவளைக் குஞ்சுகள் கரையில் காணாமல் போயின. ஒவ்வொரு முறையும் வாத்தியார் கண் கலங்கியது.

வடிவு அப்புறம் பாடவே இல்லை. கரையேறவும் பயம், மகளை நினைத்து அழவும் வெட்கம். வற்றிப்போன தண்ணீரில் கழுத்து வரை அமிழ்ந்து கிடந்தது.

நாலு பேர் மெச்ச வேண்டும் என்பதற்காக, கேட்ட எச்சரிக்கையைக் கேட்காததுபோல் நடிப்பவர்கள், தங்களை நம்பியிருக்கும் உயிரைத்தான் முதலில் பறிகொடுப்பார்கள்.