ஏரிக் கோப்பை

கபடி மாஸ்டர் அமலோற்பவத்துக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் ஆட்டம் கற்ற தனபாலுக்கு ஐம்பது. மாசி மாதத்தில் ஒரு மாலை, வறண்டு வெடித்த ஏரிக்குள் இருவரும் நின்றிருந்தார்கள்.

“மாஸ்டர், நான் எங்க தப்புப் பண்ணினேன்? அதை மட்டும் சொல்லுங்க.”

“என்ன பண்ணினீங்கன்னு முதல்ல நீங்க சொல்லுங்கண்ணே.”

“உங்களுக்குத் தெரியாததா?”

“உங்க வாயால கேக்கணும்.”

தனபால் சொன்னார். ஏரி முழுக்க கருவேலமுள் மண்டிக்கிடந்தது. மனு எழுதி எழுதி ஓய்ந்துபோய், கடைசியில் போன கோடையில் கபடிப் போட்டி அறிவித்தார். கட்டணம் கிடையாது; ஆட வரும் அணி ஒரு நாள் ஏரிக்குள் முள் வெட்டி மண் அள்ள வேண்டும். முப்பத்திரண்டு அணிகள் வந்தன.

“அது தப்பா?”

“இல்ல.”

“மேலப்பட்டியும் கீழப்பட்டியும் ஒரே அணியா ஆடினாங்க. எழவுக்குக்கூடப் போகாதவங்க தோள்ல கைபோட்டு நின்னாங்க. அது தப்பா?”

“இல்லண்ணே. அழகா இருந்துச்சு.”

இரண்டு ஊருக்கும் பகை அந்த ஏரியால் வந்தது. தண்ணீர் நின்றால் ஏரியை ஒட்டிய மேலப்பட்டி நிலம் முழுகும். திறந்துவிட்டால் பிறகு பாசனத்துக்குத் தண்ணீரின்றிக் கீழப்பட்டி வயல் காயும். அதனால் மதகுக்கு இரண்டு பூட்டு, ஊருக்கு ஒரு சாவி. ஒருவர் திறக்கலாம் என்றால் மற்றவர் கூடாது என்பார். வருஷா வருஷம் பஞ்சாயத்து, சில வருஷம் ஆஸ்பத்திரி.

“இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்னாடி கோடை மழை கொட்டுச்சு. நாங்க சுத்தம் பண்ணின ஏரியில முழங்கால் தண்ணி. களமோ ஏரிக்குள்ள கிடக்கு.”

“வேற இடமே இல்லையா?”

“பள்ளிக்கூட மைதானம் இருந்துச்சு. ஏரிக்காக நடத்துற போட்டியை ஏரிக்குள்ள நடத்தினாத்தானே நல்லாருக்கும்னு…” தனபால் முடிக்கவில்லை.

“சாவி கேட்டீங்க.”

“கேக்கவே இல்ல மாஸ்டர். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ரெண்டு சாவியும் வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே சேந்து திறந்தாங்க. ஐப்பசியில ரொம்பிடும்னாங்க.”

ஐப்பசி மழை பெய்யவில்லை. கீழப்பட்டிக் கிணறுகள் வற்றின; பிறகு மேலப்பட்டியிலும். கோப்பை வாங்கிய அந்தக் கூட்டு அணியின் ஏழு பேரில் ஐந்து பேர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

“நாளைக்கு மிச்ச ரெண்டு பேரும் பஸ் ஏறுறாங்க. வழியனுப்ப வாங்கன்னு என்னைக் கூப்பிடுறாங்க. எந்த மூஞ்சியோட போவேன்? ஒருத்தனும் திட்ட மாட்டேங்கிறான் மாஸ்டர். நாலு அடி அடிச்சாக்கூட வாங்கிக்குவேன்.”

மாஸ்டர் கையை நீட்டினார். “இது நம்ம பக்கம். அது எதிர்ப்பக்கம். ரைடு போங்க.”

“யார்மேல?”

“போங்கண்ணே.”

தனபால் வேட்டியை மடித்துக் கட்டினார். கபடி கபடி என்று பாடிக்கொண்டே நுழைந்தார். இடது பக்கம் பாய்ந்தார், வலது பக்கம் பாய்ந்தார். கையைப் பிடிக்க ஆளில்லை, காலை வார ஆளில்லை. போனார், போய்க்கொண்டே இருந்தார். தூரத்தில் மூச்சறுந்து மண்டியிட்டார்.

மாஸ்டர் நடந்து அவரருகே போனார். “ஏன் திரும்பல?”

“தடுக்க ஆளிருந்தாத்தானே திரும்புற நினைப்பு வரும்.”

மாஸ்டர் மதகுப் பக்கம் கை காட்டினார்.

மூச்சு வந்ததும் தனபாலுக்குக் கோபமும் வந்தது. “அப்ப ரெண்டு ஊரும் அடிச்சுக்கிட்டே கிடந்திருக்கணும்ங்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற என்ன? சேந்துட்டா வேண்டாம்னு சொல்லக்கூடாதா? நாங்கதான் ஜெயிக்கிற வெறியில இருந்தோம். நீங்க மதகுகிட்டதானே நின்னீங்க? ரெண்டு ஊரும் கேக்குற ஒரே வாய் உங்களோடது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பூட்டைத் தொட்டிருப்பாங்களா?”

மாஸ்டர் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

“களத்துக்குக் கோடு போட வந்தேண்ணே. சேத்துல சுண்ணாம்பு நிக்கல. இந்தத் தண்ணி சீக்கிரம் வடிஞ்சு தொலைய மாட்டேங்குதேன்னு எரிச்சல். மதகுப் பலகையை இன்னும் ஒரு சாண் தூக்கச் சொன்னதே நான்தான்.”