தக்காளி நாற்றும் சபை விளக்கும்

“சாமி, நாத்துக்கு விளக்கு வேணும்” என்றாள் செண்பகவல்லி.

அம்பலவாண சாமி கண்ணைத் திறக்கவில்லை. “ஒளியை வெளியே தேடாதே. உள்ளேதான் இருக்கு.”

“உங்களுக்கு இருக்கும். எனக்குக்கூட இருக்கலாம். தக்காளி நாத்துக்கு இல்ல, சாமி.”

சபை திடுக்கிட்டது. சாமி எழுந்து போனார். மறுநாள் காலை வெளியூருக்கும் போய்விட்டார்.

மடம் மலைமேல் இருந்தது. ஐப்பசி பிறந்தால் பனிமூட்டம் வந்து குந்திக்கொள்ளும்; வாரக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. மடத்துக் கொட்டகையில் வளரும் நாற்றை நம்பித்தான் அடிவாரத்தில் இருபது வீட்டார் தக்காளி போட்டார்கள். போன வருஷம் நட்டதெல்லாம் முதல் காற்றிலேயே படுத்துவிட்டது.

எல்லாம் விதி என்றார்கள் மடத்தில். அந்தப் பேச்சைக் கேட்டாலே செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே வருமுன் பத்து வருஷம் நாற்றுப்பண்ணையில் கூலிக்கு நின்றவள் அவள்.

சபையில் இரண்டே டியூப் லைட். சாமியின் இருக்கைக்கு மேலே இருந்ததைக் கழற்ற அவள் ஏணி போட்டாள்.

“அது சாமி தலைக்கு மேல எரியற விளக்கு” என்றார் மூத்த சீடர் குழந்தைவேலு. “அவர் வந்தா உனக்கு மடத்துல இடம் இருக்காது.”

“ஏணியைப் பிடிங்கண்ணே.”

பிடித்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சாமி திரும்பினார். இருண்டு கிடந்த இருக்கையைப் பார்த்தார். நேரே கொட்டகைக்கு நடந்தார். சபையே பின்னால் வந்தது.

“என் விளக்கு எங்கே?”

“பசிச்ச இடத்துல இருக்கு.”

விளக்கு எட்டாத ஓரத்து நாற்றுத் தட்டைச் சாமி காட்டினார். “இதுதானே உயரமா இருக்கு? விளக்கில்லாமலே நல்லா வளர்ந்திருக்கு.”

“வளரல சாமி. வெளிச்சத்தைத் தேடித் தேடி நீண்டு போச்சு.”

குனிந்து வாயால் ஊதினாள். நூல் போன்ற தண்டு அப்படியே மடங்கியது.

விளக்கின் கீழிருந்த நாற்றையும் ஊதினாள். குட்டையாய், தடியாய் நின்றது அது. இலை மட்டும் ஆடியது.

“ராத்திரியெல்லாம் எரியுதா?”

“எட்டு மணிக்கு அணைச்சிடுவேன். விடாம எரிச்சா இலை வெளுத்துடும். அதுவும் தூங்கணும்ல?”

“அன்னைக்கு நான் சொன்னது உன் காதுல விழுந்ததா?”

“விழுந்துச்சு. அப்புறம்தான் ஏணியை எடுத்தேன். நாளைக்குச் சொன்னாலும் எடுப்பேன். போகச் சொல்லுங்க, போறேன். ஆனா இதுங்களை நட்டுக் கொடுத்துட்டுத்தான் போவேன்.”

போக அவளுக்கு வேறு இடம் கிடையாது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

சாமி மடங்கிய நாற்றை ஒரு விரலால் நிமிர்த்தினார். விரலை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது. இன்னொரு முறை நிமிர்த்தினார். அப்போதும் நிற்கவில்லை.

அவள் பக்கம் திரும்பினார்.

“சபையில இன்னொரு விளக்கு இருக்கே. அதை ஏன் விட்டுவச்சே?”