மூலையில் யாருமில்லை

ஓர் ஊரில் ஒரு பென்சில் இருந்தது. ஊர் ராணிப்பேட்டை. அது குடியிருந்த இடம் மங்கையர்க்கரசியின் கொண்டை. எழுத வேண்டியபோது இறங்கிவரும், எழுதி முடித்ததும் ஏறிச் செருகிக்கொள்ளும்.

மங்கையும் அவள் கணவர் தணிகாசலமும் புதிதாகக் கார் வாங்கியிருந்தார்கள். காரை நிறுத்தத் தோட்டத்தில் கொட்டகை போட்டு, தரைக்குச் சிமெண்டு பூச வேண்டும் என்பது அவருடைய ஆசை. மங்கை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு உசிரும் இல்லாத இடமாப் பார்த்துதாங்க போடணும்."

"அப்போ யார் யார் எங்க இருக்காங்கன்னு நீயே எழுதிக் குடு. எந்த மூலை காலியோ, அங்க போட்டுக்கலாம். திங்கக்கெழம கொத்தனார் வரார்."

பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை. துவரம்பருப்பு, புளி, சோப்பு என்று எழுதி எழுதி அலுத்துப்போன முனை அது. இப்போது ஒரு தோட்டத்துக்கே பெயர் எழுதப் போகிறது! "கண்ணால் காணாததை நான் எழுதமாட்டேன். கண்டதை விடவும் மாட்டேன்" என்று போகிற வழியிலேயே சபதம் போட்டது.

தோட்டத்தில் செம்பருத்தி முந்திக்கொண்டது. "முதலில் என் பெயர். வெறும் செம்பருத்தி இல்லை, அடுக்குச் செம்பருத்தி என்று முழுசாக எழுது."

வேலியில் ஓணான் இருந்தது. "நீ ஓணானா?" என்று பென்சில் கேட்டது. ஓணான் தலையாட்டியது. சந்தேகத்துக்கு, "நீ அணிலா?" என்றும் கேட்டுப் பார்த்தது. அதற்கும் தலையாட்டியது. அசல் அணிலோ முருங்கையில் ஒரு தரம், கொய்யாவில் ஒரு தரம் என்று இரண்டு இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஓடிப்போனது.

"என்னை எழுதினாலும் முளைப்பேன், எழுதாவிட்டாலும் முளைப்பேன்" என்றது குப்பைமேனி. பென்சிலுக்கு அதன் திமிர் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டது.

கடைசியாக மங்கையும் பென்சிலும் மேற்கு மூலைக்கு வந்தார்கள். அது கத்திரி வெயில் காலம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு புல் இல்லை, ஒரு பூச்சி இல்லை.

"இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று பென்சில் கேட்டது. பதில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் கத்தவே, மங்கை பென்சிலைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பென்சில் உருண்டது. உருண்டு, ஒரு வெடிப்புக்குள் முனை மேலும் அடி கீழுமாகத் தலைகீழாக விழுந்தது.

"யாரது, காலை மிதிப்பது?" என்றது ஒரு குரல்.

இருட்டில் இரண்டு கண்கள் பாதி திறந்தன. ஒரு தேரை.

"மேலே கூப்பிட்டேனே, ஏன் பதில் சொல்லவில்லை?"

"தூங்குகிறவனைத் தூக்கத்தில் கூப்பிட்டால் பதில் வருமா? இதோ பக்கத்தில் காந்தள் கிழங்கு, அதுவும் தூங்குகிறது. அந்தப் பக்கம் புல் விதைகள். மெதுவாகப் பேசு, எழுந்துவிடப் போகின்றன."

"நான் கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுதுவேன்" என்றது பென்சில், கொஞ்சம் ரோஷமாக.

"நல்லதுதான். ஆனால் வெயிலில் வந்து பார்த்தாய். மழையில் வந்து பார்த்தாயா?"

பென்சில் வெட்கப்பட்டுப்போனது. மெல்ல விஷயத்தைச் சொன்னது: கொட்டகை, சிமெண்டு, திங்கட்கிழமை. தேரைக்குத் தூக்கம் முழுசாகப் போய்விட்டது.

"கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவன் ஒருவன் உண்டு என்பார்கள். சிமெண்டுக்குள் தேரைக்கு யாரப்பா படியளப்பார்?"

அதற்குள் மங்கை திரும்பி வந்து, பென்சிலின் முனையைப் பிடித்து வெளியே எடுத்தாள். தணிகாசலமும் கூடவே வந்தார். "இந்த மூல காலிதானே? எழுதிடு" என்றார்.

தாளில் முனை பட்டது. படக்கென்று முறித்துக்கொண்டது பென்சில். மங்கை சீவினாள். மறுபடியும் முறிந்தது. சீவச் சீவ ஆயுள் குறைகிறது என்று அதற்குத் தெரியும், வலிக்கவும் செய்தது. ஆனாலும் கண்ட பிறகு எப்படி எழுதும்?

"சனியன் புடிச்ச பென்சிலு. இந்தா" என்று தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து பேனாவை நீட்டினார்.

"என்னிடம் இந்த முரண்டெல்லாம் கிடையாது. சொன்னால் எழுதுவேன்" என்று பேனா பென்சிலைப் பார்த்துச் சிரித்தது. மேற்கு மூலை, காலி என்று மையில் பளபளவென்று எழுதியும் விட்டது.

பென்சிலுக்கு எல்லாம் முடிந்துபோனதாகத் தோன்றியது. மங்கை வழக்கம்போல் அதைக் கொண்டையில் செருகினாள். உடனே தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"பிடரியில சில்லுனு இருக்குங்க." பென்சிலை உருவிப் பார்த்தாள். அதன் அடிப்பக்கத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது. "மேல இப்படிக் காய்ஞ்சி கெடக்குது. அடியில எப்படிங்க ஈரம்?"

குந்தி உட்கார்ந்து வெடிப்புக்குள் விரலை விட்டாள். ஏதோ ஒன்று நகர்ந்தது. "ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டு, அடுத்த நொடியே மறுபடியும் எட்டிப் பார்த்தாள். தணிகாசலமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"அட, தேர!" என்றார். காலியான மூலையில் ஓர் உயிர் இருந்தது அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

"அத இப்போ யார் சொல்ல முடியும்? மழ வரட்டுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். போனை எடுத்துக் கொத்தனாரை இப்போதைக்கு வரவேண்டாம் என்றார். கார் தெருவிலேயே வேப்பமரத்தடியில் நின்றது. காக்கைகள் அதைத் தங்களால் முடிந்தவரை அலங்கரித்தன.

ஆடியில் ஒரு வாரம் மழை கொட்டியது. மழை விட்ட மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடியவர் தணிகாசலம்தான். மேற்கு மூலை பச்சென்று இருந்தது. புல் முளைத்திருந்தது, காந்தள் கொழுந்து மண்ணை முட்டிக்கொண்டு நின்றது, அதனடியில் தேரை உட்கார்ந்து கண் சிமிட்டியது.

"மங்கை! பென்சில எடுத்துக்கினு ஓடி வா! இங்க யார் யாரோ புதுசா வந்துகிறாங்க!"

தேரை அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கொண்டையிலிருந்து இறங்கிவந்த பென்சிலிடம் சொன்னது: "எழுதிக்கொள், தம்பி. புதிதாக வந்தவர் பெயர் தணிகாசலம்."