மரவட்டை மலை சுற்றி வந்தது

புழுவும் பூச்சியும் வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில் மரவட்டைக்கு நாலே கால்கள்தான். ஓணானுக்குச் சமமாக ஓடுவான்.

ஒரு வருஷம் அவன் மனைவி செவத்தாயிக்குப் பழைய தோல் கழலவில்லை. உள்ளே புதுத்தோல் வளர்ந்தது. வெளியே பழையது இறுக்கியது. மூச்சுவிடத் திணறினாள். மலையில் அப்போதுதான் திருவிழாவுக்குக் கொடி ஏற்றியிருந்தார்கள். பத்தாம் நாள் கொடி இறங்குவதற்குள் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதாக மரவட்டை நேர்ந்துகொண்டான். அவன் வேகத்துக்கு மூன்று நாள் நடை.

"போற வழியில கண்டவங்க பாரத்தையும் வாங்கித் தலையில வச்சுக்காதீங்க. உங்களைத் தெரியும் எனக்கு" என்றாள் செவத்தாயி.

"நான் எதுக்கு வாங்குறேன்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது. மலைக்கு நடக்கிறவனுக்கு எந்த ஊரிலும் கதவடைக்க மாட்டார்கள். படுக்க இடமும் குடிக்கக் கஞ்சியும் கிடைக்கும். ஆனால் தங்கினவன் அந்த வீட்டு வேண்டுதலையும் சுமந்து போக வேண்டும். மறுக்கக் கூடாது. வர முடியாதவர்கள் தங்கள் காலையாவது அனுப்பினால்தான் மலை ஏற்றுக்கொள்ளும்.

முதல் நாள் வாய்க்கால் கரையில் மண்புழு வீட்டில் தங்கினான். மண்புழுவுக்கு அப்போது கால்கள் இருந்தன. விடிந்ததும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, மழை வேணும்னு வேண்டியிருக்கேன். உழவு கிடக்கு, நகர முடியல. என் காலைக் கொண்டுபோங்க."

"எத்தனை?"

"எல்லாத்தையும்தான். மண்ணுக்குள்ள கிடக்கிறவனுக்குக் கால் எதுக்கு?"

மறுநாள் கற்றாழை மறைவில் குடியிருந்த நத்தை இடம் கொடுத்தாள். "அடுத்தவன் நிழல்லயே காலம் போகுது தம்பி. சொந்தமா ஒரு வீடு வேணும்" என்று தன் கால்களைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"கால் இல்லாம எங்கக்கா போவ?"

"வீடு கிடைச்சா நான் ஏன்ப்பா வெளிய போறேன்?"

இப்படி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு. கால்களை வைக்க இடம் போதாமல் அவன் உடம்பே நீண்டுபோயிற்று. கால் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்திருந்தான். ஒவ்வொரு காலும் ஒரு வேண்டுதலின் கனத்தோடு இருந்தது. ஒன்று எழுந்து, அடுத்தது எழுந்து, நெல் வயலில் காற்றுப் போவதுபோல மெல்லத்தான் போக முடிந்தது. அப்படிப் போவது சுகமாகக்கூட இருந்தது. கண் செருகும். செவத்தாயியின் மூச்சு நினைவுக்கு வரும். விழித்துக்கொண்டு நடப்பான்.

அடிவாரம் சேர்ந்தபோது பத்தாம் நாள் மஞ்சள் வெயில். மலையைச் சுற்றி முடித்துவிட்டு ஓணான் எதிரே வந்தான்.

"இதென்னப்பா, ஊர்க்காலெல்லாம் உன் வயித்துல தொங்குது? இதோட நீ சுத்தி முடிக்க மாசி பங்குனி ஆயிரும். உதறிட்டு உன் நாலு காலோட ஓடு. கொடி இறங்குறதுக்குள்ள முடிச்சிரலாம். யாரு பார்க்கப்போறா?"

மரவட்டை குனிந்து பார்த்தான். எல்லாக் காலிலும் ஒரே புழுதி. அதில் தன்னுடைய நாலு எது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் உதறியிருப்பானா என்பது அவனுக்கே விளங்கவில்லை.

மேலே கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலையிலிருந்து உருண்டு வந்த ஒரு கல், மிளகளவு, அவன் முன்னால் கிடந்தது. "நீயும் மலைதானே?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டான். பிறகு அதைச் சுற்றி வளைந்தான். தலை வாலைத் தொட்டது. அத்தனை வீட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் சுற்றை முடித்தன. கொடி இறங்கியது.

மலை ஏற்றதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. தலை தொங்கத் திரும்பி நடந்தான். கற்றாழைக்குப் பக்கத்தில் நத்தை எதிரே ஊர்ந்து வந்தாள். முதுகில் வழவழவென்று ஒரு வீடு.

"உன் காலை வாங்கிக்கக்கா."

"வச்சுக்க தம்பி. அடுத்த வருஷமும் போவியில்ல?"

வாய்க்கால் கரைக்கு வந்தபோது மழை பிடித்தது. மண்புழுவும் காலை வாங்க மறுத்துவிட்டான். நனைந்துகொண்டே மரவட்டை வீட்டுக்கு விரைந்தான். விரைந்தும் அந்த நடைதான்.

வாசலில் பழைய தோல் சருகாகக் கிடந்தது. செவத்தாயி பளபளவென்று வெளியே வந்தாள்.

"கொடி இறங்குற நேரத்துக்குக் கழண்டுச்சு" என்றவள் அவன் கால்களைப் பார்த்தாள். "வாங்காதீங்கன்னு சொன்னேன்ல? இந்தக் காலை வச்சுக்கிட்டு அம்மாம் பெரிய மலையை எப்படிச் சுத்துனீங்க?" என்று அவனைத் தொட்டாள்.

அவன் அப்படியே சுருண்டு காட்டினான்.

அன்று முதல்தான் மரவட்டைக்கு அத்தனை கால்கள். மழை ஈரத்தில் பாதையைக் கடக்கிறவனை யார் தொட்டாலும், எப்படிச் சுற்றினாய் என்று அவள் கேட்பதாகவே நினைத்துக்கொள்கிறான். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் நடக்கிறான்.