பதினாறும் பதினாறும் எட்டு

சங்கரன்கோவில் பக்கம் ஓர் இன்னிசைக் குழு உண்டு. மொத்தம் மூன்றே பேர். மூவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் புத்தி இருந்தது. யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

கிட்டார் வாசிக்கும் கோமதிநாயகத்தின் தங்கை செல்விக்குக் கல்யாண வரவேற்பு. மதுரையிலிருந்து பெரிய குழுவைக் கூப்பிடலாம் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாங்க இருக்கும்போது வேற ஆளா அத்தை?" என்று நெஞ்சைத் தட்டினான் கோமதி. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் கிழிந்து கிடப்பது ஞாபகம் வந்தது.

மெக்கானிக் மரியதாஸ் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணுக்கும் மின்தடை பதினாறு ஓம்ஸ். உன் ஆம்ப்புக்கு எட்டுதான் சரி. அதான் ரெண்டையும் பக்கத்துப் பக்கமா சேர்த்து மாட்டியிருக்கேன். இப்ப மொத்தம் எட்டு. பிரிச்சிராதீங்க."

வெளியே வந்து மூவரும் யோசனையில் நின்றார்கள்.

"பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டுல்லா?" என்றான் டிரம்ஸ் சுடலை.

"அது பள்ளிக்கூடக் கணக்கு. இவரு டிப்ளமா படிச்சவரு" என்றான் கீபோர்டு பிச்சையா.

"அப்ப மீதி இருபத்திநாலு எங்கலே போகும்?"

"வயர் வழியா போயிரும்."

கோமதி உடனே சீர்வரிசைக் கணக்கைப் போட்டுப் பார்த்தான். வீட்டிலிருந்து பதினாறு சீர்வரிசைத் தட்டு. தாய்மாமன் பதினாறு தட்டு கொண்டுவருகிறார். இரண்டையும் மேடையில் பக்கத்துப் பக்கமாக வைத்தால்? முப்பத்திரண்டு தட்டு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் சம்பந்தியம்மாள் எட்டை எண்ணினால், தங்கை காலத்துக்கும் பேச்சு வாங்குவாளே! பாவம், அவனுக்குத் தங்கை மேல் உயிர்.

ஆகவே மாமாவின் தட்டுகள் மண்டப வாசலுக்கு வந்ததும் மூவரும் பாய்ந்து பறித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்கள். மாமா "திருடன்! திருடன்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரட்டினார்.

மேடையில் சம்பந்தியம்மாள் எண்ணி முடித்தார். "பதினாறுதான் இருக்கு. மீதி எங்கே?"

"இருக்கு அத்தை. சேர்த்தா எட்டாயிரும், அதான் பிரிச்சு வச்சிருக்கோம்."

அந்தம்மாளின் முகம் கறுத்தது. செல்வி கண் கலங்கினாள். கோமதி பதறிப்போய் மரியதாஸுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, ரெண்டு பதினாறு இருக்கு. குறையாம சேர்க்க வழி உண்டா?"

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டினா முப்பத்திரண்டு வரும். ஆனா உன் ஆம்ப்புக்கு அது..."

கோமதி போனை வைத்துவிட்டான். மேடையிலிருந்து பந்தி நடக்கும் இடம் வரை தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டின. சம்பந்தியம்மாள் இலைகளைத் தாண்டித் தாண்டி எண்ணிப் பார்த்தார். முப்பத்திரண்டு! அவர் முகம் மலர்ந்தது. மூவரும் டிப்ளமா இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கச்சேரியும் நன்றாகவே நடந்தது. பெட்டிகளை யாரும் தொடவில்லை என்பதுதான் காரணம்.

கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்தார். அருகருகே உட்கார்ந்திருந்த மணமக்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் பதினாறு செல்வமும் பெற்று நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினார்.

கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடி வந்தான் கோமதி. "எந்திரிங்க மாப்பிள்ளை! ஆளுக்குப் பதினாறு, பக்கத்துப் பக்கமா இருந்தா எட்டாயிரும்!"

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். தட்டுக் கணக்கைக் கண்ணால் கண்ட அம்மாள் யோசிக்கவே இல்லை. "மச்சான் சொல்றதைக் கேளுடா" என்றார்.

அந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். பெண் எங்கே என்று கேட்காதீர்கள். அவருக்குப் பின்னால் இருக்கிறாள், முப்பத்திரண்டு செல்வத்தோடு.